மூன்றாம் வசந்தத்தில் வெட்ட வேண்டிய கொடி

லெவலுவா, பாரிஸ்
1988 மார்ச் 6

அன்புள்ள யூலாலிக்கு,

நான் சுகம். இடுப்பு மட்டும் சுகமில்லை. முப்பது வருடம் டாக்சி ஓட்டியவனுக்கு இடுப்பு என்று ஒன்று மிச்சமிருப்பதே பெரிய விஷயம் என்கிறார் மருத்துவர். நீயும் உன் மகள் இர்மாவும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய இரண்டு பாட்டிலில் ஒன்றைத் திறந்துவிட்டேன். என் மனைவி மதலேன் உயிரோடு இருந்தவரை, "உங்க ஊர் ஒயின்ல கல்லு வாசனை அடிக்குது" என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு கிளாஸ் குடிப்பாள். அவள் போய் இரண்டு வருடமாகிவிட்டது. இப்போது ஒரு பாட்டில் எனக்கு நான்கு நாள் வருகிறது.

வருடா வருடம் மார்ச்சில் உனக்கு எழுதுகிற கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கும். அதை முதலில் கேட்டுவிடுகிறேன். நம்முடைய கொடி எப்படி இருக்கிறது? போன அறுவடையில் பதினான்கு கொத்து என்று எழுதியிருந்தாய். குளிர்காலம் அதை ரொம்பப் படுத்தவில்லையே?

இந்த முறை இன்னொரு விஷயமும் இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நம் ஊர் மோர்ஷேயில் இருக்கிற என் நிலத்தை விற்றுவிடலாம் என்று என் மகன் லூசியன் சொல்கிறான். துரின் நகரத்திலிருந்து ஒருவர் கேட்கிறார். கோடை விடுமுறைக்கு வந்து தங்க வீடு கட்டப்போகிறாராம், ஜன்னலைத் திறந்தால் மோன்பிளாங் பனிமலை தெரிய வேண்டுமாம். லூசியனுக்குத் திராட்சையைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் ஊர்ப் பந்தல் இடுப்பு உயரம்தான், அதன் கீழே தவழ்ந்துதான் வேலை செய்வோம் என்று சொன்னால் நான் கதை விடுவதாக நினைக்கிறான்.

பக்கத்து நிலத்தில் பயிர் செய்கிறவர்களுக்குத்தான் வாங்குவதில் முதல் உரிமை என்று சட்டம் இருக்கிறதாம். ஆகவே நீ வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டால்தான் அவருக்கு விற்க முடியும். அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் நீயும் உன் கணவர் லெயோன்ஸும்தான் அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டீர்கள். உன்னிடம் இதைக் கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். நிலத்தில் இருக்கும் மற்றதையெல்லாம் அவர் எடுத்துக்கொள்ளலாம். கல்சுவர் ஓரமாக நாம் பதியம் போட்ட அந்த ஒரு கொடியைத் தொடக்கூடாது. அவரும் சரி என்றுவிட்டார்.

உன் பழைய அயலான்,
அன்செல்ம்

மோர்ஷே
1988 மார்ச் 29

அன்புள்ள அன்செல்ம்,

உன் கடிதம் வந்தது. "பாரிஸ்காரர் கடுதாசி வந்திருக்கும்மா, வழக்கம்போல கொடி சுகமான்னு கேட்டிருப்பாரு" என்று இர்மா கொண்டுவந்து கொடுத்தாள். உறை இந்தத் தடவை கனமாக இருக்கிறதே என்று பிரித்தால் உன் காகிதம்.

மூன்று பக்கக் காகிதம். என் கண்ணாடிக்கு ஒரு கால் உடைந்து நூல் கட்டி மாட்டியிருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு பொடி எழுத்தையெல்லாம் படித்துக் கையெழுத்துப் போட முடியாது. ஆகட்டும், பார்க்கலாம். கவாத்து வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. நீ முப்பது வருடம் உட்கார்ந்தே சம்பாதித்தாய், நான் மண்டி போட்டே சம்பாதித்தேன். உனக்கு இடுப்பு போனது, எனக்கு முழங்கால் போனது. கணக்கு சரிதான்.

விற்கிறவன் விற்கத்தான் செய்வான். உன் நிலம். வீடு கட்டுகிறவன் கொடுக்கிற விலையைக் கொடி வளர்க்கிறவள் கொடுக்க முடியாது, ஆகவே நான் போட்டிக்கு வருவேன் என்று நீ பயப்பட வேண்டாம். ஆனால் ஒன்று சொல்கிறேன். உன் அம்மா இறந்தபோது, அறுபத்துநான்கு செப்டம்பரில், இரண்டு நாள் வந்தாய். பளபளவென்று காலணி போட்டுக்கொண்டு கல்லறைக்கும் வீட்டுக்கும் நடந்தாய். தோட்டத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஒரு கொடி மேல் மட்டும் என்ன திடீர்க் கரிசனம்?

கொடி சுகம்.

என் தம்பியின் பசு இந்த வருடம் பசுச் சண்டைப் போட்டிக்குப் போகிறது. ஜெயித்த பசுவுக்குத் தருகிற ராணிப் பட்டம் வாங்காமல் திரும்ப மாட்டேன் என்று தம்பி சொல்கிறான். பசுவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும் என்று நினைக்கிறேன்.

யூலாலி

லெவலுவா
1988 மே 2

அன்புள்ள யூலாலிக்கு,

கோபமாக இருக்கிறாய். "கொடி சுகம்" என்று இரண்டே வார்த்தையில் நீ எழுதியது இதுதான் முதல் தடவை. எத்தனை கொத்து விடும், எந்தக் கணுவில் முதல் மொட்டு வந்தது, வண்டு கடித்ததா என்றெல்லாம் எழுதுவாய். அந்த வரிகளை நான் இரண்டு மூன்று தடவை படிப்பேன். டாக்சி ஸ்டாண்டில் நிற்கும்போதுகூடச் சட்டைப் பையில் இருக்கும்.

என்ன கரிசனம் என்று கேட்டாய். சொல்கிறேன். நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது.

ஐம்பத்தாறு பிப்ரவரியில் அடித்த பனியில் எங்கள் பக்கத்துக் கொடிகள் பாதி தண்டு வெடித்துச் செத்தன. சுவரோரம் இருந்தது அடியோடு போயிற்று. உங்கள் பக்கத்தில் சுவரை ஒட்டியிருந்த கிழட்டுக் கொடி மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல மே மாதம் துளிர்த்தது. நவம்பரில் புனித மார்த்தின் திருநாளன்று உன் அப்பாவிடம் அதிலிருந்து ஒரு கிளை கேட்டேன். "கேக்கறதெல்லாம் எதுக்கு, வளைச்சுப் பொதைச்சுக்கோ" என்றார். வேறு ஊர்களில் காட்டு வேரில் ஒட்டுக் கட்டித்தான் திராட்சை வைக்க முடியும். எங்கள் மலைக்குத் திராட்சை வேரை அரித்துக் கொல்லும் பூச்சி ஏறி வராததால் தாய்க்கொடியின் கிளையை மண்ணில் புதைத்தே பிள்ளைக்கொடி எடுக்கிறோம் என்று லூசியனுக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவன் தலையாட்டுகிறான்.

சுவரின் அடியில் தண்ணீர் போவதற்கு விட்டிருந்த ஓட்டை வழியாக நீ அந்தப் பக்கத்திலிருந்து கிளையை நீட்டினாய். இந்தப் பக்கத்தில் நான் பள்ளம் தோண்டினேன். நீ படுத்துக்கொண்டு ஓட்டை வழியாகப் பார்த்தாய். உன் மூக்கில் மண் ஒட்டியிருந்தது. மேலே நின்ற உன் அப்பா, "யூலாலி, அவன் பள்ளம் தோண்டுறானா, உன் மூஞ்சியப் பாக்குறானா?" என்று கத்தினார்.

"மூணாவது வசந்தத்துலதான் வெட்டணும். அதுவரைக்கும் தாய்தான் சோறு போடணும்" என்றாய்.

"எனக்குத் தெரியாதா? நானும் இந்த ஊர்லதானே பொறந்தேன்."

"நீ போற ஊர்ல யாரு உனக்கு ஞாபகப்படுத்துவா?"

"நானே வந்து வெட்டறேன். இந்தா, என் கத்திய வச்சுக்கோ. வந்து வாங்கிக்கறேன்."

ஓட்டை வழியாகக் கத்தியைக் கொடுத்துவிட்டு எழுந்தேன், பந்தல் கம்பில் தலை மோதியது. நீ சிரித்தது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. நாலு நாள் கழித்து பாரிஸுக்கு ரயில் ஏறிவிட்டேன்.

அந்தக் கரிசனம்தான். நிலத்தை அளக்க ஆள் செப்டம்பரில் வருவார். அந்தக் கொடியை அவருக்குக் காட்டு. சிவப்புப் பெயின்ட்டால் அடையாளம் போடுவார். காகிதத்தையும் அதற்குள் அனுப்பிவிடு. கண்ணாடிக்கு ஒரு கால் வாங்கிப் போட்டுக்கொள்.

அன்செல்ம்

மோர்ஷே
1988 ஜூன் 12

அன்செல்ம்,

மே பத்தொன்பதாம் தேதி உறைபனி விழுந்தது. புகை போட்டுப் பனியைத் தடுக்க விடிவதற்கு முன்பே எல்லோரும் ஈரவைக்கோல் கொளுத்தினோம். ஊரே புகையாக இருந்தது. மேல்வரிசையில் பூ எல்லாம் கறுத்துவிட்டது. கீழ்வரிசை தப்பித்தது. பந்தல் தாழ்வாக இருப்பதால் பகலில் மண் குடித்த சூடு இலைக்கடியிலேயே நிற்கிறது. இது உனக்குத் தெரிந்ததுதான்.

ஒன்று கேட்கிறேன். விற்பது என்று முடிவு செய்துவிட்டாய். நூற்றுச் சொச்சம் கொடியைப் பிடுங்கப் போகிறார்கள். அதில் லெயோன்ஸ் சாகும் வரைக்கும் கவாத்து செய்த கொடிகள் இருக்கின்றன, உன் அப்பா வைத்தவை இருக்கின்றன. அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் சுவர் எழுப்பி, பெயின்ட் அடித்து, எவனோ ஒருவன் வீட்டு வாசலில் அது நிற்க வேண்டுமா? துரின்காரன் மனைவி அதில் துணி காயப் போடுவாள். விற்றால் அதையும் சேர்த்து விற்றுவிடு. ஒன்றுமே மிச்சம் வைக்காதே. நிம்மதியாகப் போகும்.

கண்ணாடிக்கால் இன்னும் வரவில்லை. ஆஸ்தா டவுனுக்குப் போனால்தான் கிடைக்கும்.

தம்பியின் பசு முதல் சுற்றிலேயே திரும்பி நடந்துவிட்டது. "அதுக்கு மூட் இல்ல" என்கிறான்.

யூலாலி

லெவலுவா
1988 ஜூலை 17

அன்புள்ள யூலாலிக்கு,

உன் கடிதம் என்னை வருத்தியது. பூ கறுத்த செய்தியைவிட அதிகமாக.

நிலத்தை விற்க வேண்டாம் என்று நினைத்தால் அதைச் சொல். ஒரு வார்த்தை போதும். கண்ணாடியையும் கவாத்தையும் இழுக்க வேண்டாம். நாம் இருவரும் சின்னப் பிள்ளைகள் இல்லை. எனக்கு வயது அறுபது. இந்த அடுக்குமாடியில் நாலாவது மாடியில் இருக்கிறேன். காலையில் ரொட்டி வாங்கப் போகும்போது கடைக்காரி பேசுகிற நான்கு வார்த்தைதான் சில நாள் எனக்கு வாய்க்கிற பேச்சு. மோர்ஷேயில் எனக்கு வீடு இல்லை, அக்கா தங்கை இல்லை. நிலம் மட்டும் எதற்கு என்று லூசியன் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கொடி விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். அளப்பவர் ஆகஸ்ட் முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை வருகிறார், முன்பே தேதி கிடைத்துவிட்டதாம். நீதான் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். வேறு யாருக்கும் அந்த இடம் தெரியாது. நீ எதைக் கைகாட்டுகிறாயோ அதுதான் கொடி. உன் வார்த்தையை நான் நம்புகிறேன்.

அன்செல்ம்

மோர்ஷே
1988 செப்டம்பர் 4

அன்செல்ம்,

அளப்பவர் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட கால்சட்டை, கையில் பெயின்ட் டப்பா. பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டு, "நின்னுக்கிட்டே பாக்க முடியாதாம்மா?" என்று கேட்டார்.

"தாராளமா. நின்னா எலைதான் தெரியும். கொடி தெரியணும்னா குனிஞ்சு வாங்க."

பாவம், தவழ்ந்து வந்தார். ஒவ்வொரு கம்பிலும் தலையை இடித்துக்கொண்டார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. சுவரோரம் போனதும் பெயின்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எதும்மா?" என்றார். நான் பக்கத்தில் இருந்த ஒரு கொடி மேல் கையை வைத்தேன். நல்ல கொடி. பழம் கண்ணாடி மாதிரி பழுத்துத் தொங்குகிறது. யார் பார்த்தாலும் நம்புவார்கள். நீயும் நம்பியிருப்பாய். பிரஷ்ஷைத் தோய்த்தார்.

"இதானே?"

"இல்ல."

"அப்ப எதும்மா?"

"அது இல்ல."

"அது இல்லன்னா? எங்க இருக்கு?"

"இல்லவே இல்ல. முப்பது வருஷமா இல்ல."

டப்பாவை மூடிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்ப நான் என்னன்னு எழுதட்டும்?" என்றார். இருக்கிறதை எழுதுங்கள் என்றேன். இங்கே நானும் இருக்கிறதை எழுதுகிறேன்.

ஐம்பத்தெட்டு ஏப்ரலில் உன் திருமண அட்டை வந்தது. அச்சடித்த அட்டை. ஓரத்தில் பொன் கோடு. உன் கையால் ஒரு வார்த்தைகூட இல்லை. அப்பா சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். நான் சூப்பில் ரொட்டியை ஊறப் போட்டிருந்தேன். அது கரைந்து போகும்வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து தோட்டத்துக்குப் போனேன். உன் கத்தி என் ஏப்ரன் பையில்தான் இருந்தது. எப்போதும் அதில்தான் இருக்கும். சுவர் ஓட்டைக்குள் கையை விட்டு, தாய்க்கொடியிலிருந்து போகும் அந்தக் கிளையை வெட்டினேன். இரண்டாவது வசந்தம். ஒரு வருடம் முந்தி. அது தப்பு என்று தெரிந்தேதான் வெட்டினேன். வெட்டிய இடத்தில் நீர் சொட்டியது. வசந்தத்தில் வெட்டினால் சொட்டத்தான் செய்யும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் வரை பச்சையாக நின்றது. பிழைத்துவிடும் என்று நினைத்தேன். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். ஜூலையில் காய்ந்துவிட்டது.

அடுத்த வருடம் மார்ச்சில் நீ எழுதினாய். "மூன்றாவது வசந்தம் வந்துவிட்டது, என்னால் வர முடியவில்லை, நீயே வெட்டிவிடு, கொடி எப்படி இருக்கிறது" என்று. கொன்றுவிட்டேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சுகம் என்று எழுதினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் கேட்டாய், ஒவ்வொரு வருடமும் எழுதினேன். பதினோரு கொத்து, பத்தொன்பது கொத்து என்று எழுதியதெல்லாம் என் பக்கத்துத் தாய்க்கொடியில் எண்ணியது. எண்ணாமல் ஒரு வருடமும் எழுதியதில்லை, அந்த மட்டும் நான் யோக்கியம்.

காய்ந்த இடத்தில் வேறு கொடி வைக்க எனக்கு மனம் வரவில்லை. லெயோன்ஸ் கேட்பார், "எல்லா எடமும் அடைச்சாச்சு, அங்க மட்டும் ஏன் காலியா விட்டு வச்சிருக்கே?" என்று. "அது அன்செல்மோட எடம், அவன் வந்து பாத்துக்கட்டும்" என்பேன். அவர் நல்ல மனிதர். அதற்கு மேல் கேட்கவில்லை.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது, அது உடையவே இல்லை. அதுவும் பொய்தான். உன் நிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு முகம் இல்லை. விற்றுக்கொள். இனி மார்ச்சில் நீ எழுத வேண்டியதில்லை. கேட்க ஒன்றும் இல்லை.

யூலாலி

லெவலுவா
1988 செப்டம்பர் 18

அன்புள்ள யூலாலிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

அந்தக் கொடி இல்லை என்று எனக்கு இருபத்துநான்கு வருடமாகத் தெரியும்.

அம்மாவை அடக்கம் செய்ய வந்தேனே, அன்று காலையில் யாருக்கும் தெரியாமல் தோட்டத்துக்குப் போனேன். காலணியைக் கழற்றி மேலேயே வைத்துவிட்டேன், சேறு பட்டால் ஊர் பேசும். தவழ்ந்து சுவரோரம் வந்தேன். பந்தல் முழுக்க இலை, கீழே ஒரே நிழல். அந்த ஓர் இடத்தில் மட்டும் சதுரமாக வெயில் தரையில் விழுந்திருந்தது. மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். கட்டை இருந்தது, காய்ந்துபோன கட்டை. ஓட்டைக்குள் கை விட்டுத் தடவினேன். சுத்தமான வெட்டு. என் கத்தி வெட்டிய வெட்டு எனக்குத் தெரியாதா? எப்போது வெட்டியிருப்பாய் என்று கணக்குப் போட ரொம்ப நேரம் ஆகவில்லை.

அந்த வெயிலில் உட்கார்ந்து, பையில் இருந்த ரொட்டியைத் தின்றேன். அம்மா போனதற்கு அழுகிறேனா, எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அன்று மத்தியானம் கல்லறை வாசலில் உன்னைப் பார்த்தேன். இர்மா உன் வயிற்றில் இருந்தாள். லெயோன்ஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். உன்னிடம் என்ன பேசுவது? "கொடி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லா இருக்கு. இந்த வருஷம் பதினோரு கொத்து" என்றாய், கண்ணை நேராகப் பார்த்து. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இந்தக் கேள்விக்கு மட்டும்தான் உன்னிடமிருந்து எனக்குப் பதில் வரும். இதைக் கேட்காமல் விட்டால், எனக்கு எழுத உன்னிடம் என்ன இருக்கும்? ஆகவே ஒவ்வொரு மார்ச்சிலும் கேட்டேன். நீயும் எழுதினாய். எழுபத்தொன்றில் பத்தொன்பது கொத்து என்று எழுதினாய். அந்த வயதுக் கொடிக்கு அந்த மூலையில் பத்தொன்பது வராது, பதினைந்துக்கு மேல் தாங்காது. படித்துவிட்டு டாக்சியில் தனியாகச் சிரித்தேன்.

இந்த வருடம் நான் போட்ட நிபந்தனை, இல்லாத கொடிக்குப் போட்ட நிபந்தனை. தெரிந்தேதான் போட்டேன். நிலம் கைவிட்டுப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை உன் வாயால் அதைக் கேட்க வேண்டும் என்று இருந்தது. நீ அளப்பவருக்கு வேறு ஏதாவது ஒரு கொடியைக் காட்டியிருந்தால், சரி, அங்கே இனி எனக்கு ஒன்றும் இல்லை என்று விற்றிருப்பேன். இது நல்ல காரியம் இல்லை என்று தெரியும். திட்ட வேண்டுமானால் திட்டு.

ஆனால் முதல் வெட்டு உன்னுடையது இல்லை. அந்த அட்டையில் ஒரு வரி எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. பேனாவை எடுத்தேன், வைத்தேன். மதலேனிடம் கொடுத்து அவளையே உறையில் முகவரி எழுதச் சொன்னேன். வந்து வெட்டுகிறேன் என்று சொன்னவன் நான்தான். முப்பது வருடம் தாமதமாக மன்னிப்புக் கேட்கிறேன்.

லூசியன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். விற்கவில்லை என்றேன்.

"அங்க என்னப்பா இருக்கு? நீங்க சொன்ன கொடிகூட அங்க இல்லியாமே. அளந்தவர் எழுதியிருக்காரு."

"இல்லன்னு எனக்குத் தெரியும்டா."

"தெரிஞ்சேவா நிபந்தனை போட்டீங்க?"

"ஆமா."

எனக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்துவிட்டான். மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போக நாள் குறித்திருக்கிறான். உன் காகிதம் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. கையெழுத்து அழகாக இருக்கிறது, அதற்காகத்தான் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இனி மார்ச்சில் என்ன கேட்பது என்று தெரியவில்லை. நீயே சொல்.

அன்செல்ம்

மோர்ஷே
1988 நவம்பர் 13

அன்புள்ள அன்செல்ம்,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதம் பதில் போடவில்லை. அறுவடை, சாறு பிழிவது என்று வேலை இருந்தது ஒரு காரணம். உன் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னொரு காரணம்.

இருபத்துநான்கு வருடம் என்னைப் பொய் எழுத வைத்தாயே, உனக்கு மனசாட்சி இருக்கிறதா? ஒவ்வொரு வருடமும் அந்தத் தாய்க்கொடிக்குக் கீழே மல்லாந்து படுத்துக் கொத்து எண்ணி, எண்ணியதை மறந்து, மறுபடி எண்ணி, "இவன் நம்ப வேண்டுமே" என்று பயந்து பயந்து எழுதினேன். பாவமன்னிப்பு கேட்கிற கூண்டில் பாதிரியாரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இரண்டு தடவை மாறிவிட்டார், மூன்றாவது பாதிரியாருக்கும் இந்தக் கதை தெரியும். நீ அங்கே டாக்சியில் உட்கார்ந்து சிரித்திருக்கிறாய். இர்மாவிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "அம்மா, அவரு பாவம்" என்றாள். நான் பாவம் இல்லையா என்று கேட்டேன். "ரெண்டு பேரும்தான்" என்றாள்.

முதல் வாரம் முழுக்க உன்னைத் திட்டினேன். இரண்டாவது வாரம் நீ அந்த வெயிலில் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றது ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அதற்கப்புறம் திட்ட முடியவில்லை. மன்னிப்பு கேட்டிருக்கிறாய். சரி. நானும் கேட்கிறேன். அது நல்ல கொடியாக வந்திருக்கும்.

முந்தாநாள் புனித மார்த்தின் திருநாள். இர்மாவை உன் பக்கம் அனுப்பினேன். என் அப்பா காலத்துத் தாய்க்கொடி இன்னும் நீளமாகக் கிளை விடுகிறது, கிழவிக்கு என்ன ஆசையோ. அதிலிருந்து நல்லதாக ஒன்றைப் பார்த்து, அதே ஓட்டை வழியாக நீட்டினேன். படுக்க முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை, எப்படியோ படுத்தேன். இர்மா அந்தப் பக்கம் பள்ளம் தோண்டினாள். உன் அளவுக்கு ஆழமாகத் தோண்டவில்லை, இரண்டு தடவை தோண்ட வைத்தேன். வளைத்து, புதைத்து, நுனியில் இரண்டு கணு மட்டும் வெளியே விட்டு மண் மூடினோம். சதுரமாக வெயில் விழுகிற அந்த இடம்தான்.

இனி மார்ச்சில் என்ன கேட்பது என்று கேட்டிருந்தாய். பழைய கேள்வியையே கேள். இந்தத் தடவை உண்மையைத்தான் எழுதுவேன், பூச்சி அரித்தாலும் பனியில் போனாலும் அப்படியே எழுதுவேன்.

மூன்றாவது வசந்தம் தொண்ணூற்றொன்றில் வருகிறது. இரண்டாவதில் இல்லை, மூன்றாவதில். அதுவரை அதைத் தொட மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் என்னை எனக்குத் தெரியும். என்ன செய்தி வருமோ, அன்றைக்கு என் புத்தி எப்படி இருக்குமோ. ஆகவே உன் கத்தியைச் சாணை பிடித்து, துணியில் சுற்றி, நேற்றுத் தனிப் பார்சலாக அனுப்பிவிட்டேன். கைப்பிடியில் ஒரு விரிசல் இருக்கிறது, அது என்னால் வந்ததுதான்.

வரும்போது மறக்காமல் எடுத்து வா. என்னிடம் இப்போது கத்தி இல்லை.

யூலாலி